சுடுகாட்டு மல்லி

நம்மூரில் இந்தச் செடிக்கு இரண்டு பெயர். வீட்டு வாசலில் நின்றால் நித்தியகல்யாணி. சுடுகாட்டுப் பாதையில் நின்றால் சுடுகாட்டு மல்லி. வெள்ளையிலோ ரோஸ் நிறத்திலோ ஐந்து இதழ்ப் பூ. இரண்டு மூன்று அடிக்கு மேல் வளராத குத்துச்செடி. என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் இதைத் தெரியும். ஆனால் மதித்தவர்கள் குறைவு. சுடுகாட்டில் பூப்பது சாமிக்கு ஆகாது என்று சில வீடுகளில் இதைத் தொடவே விடமாட்டார்கள். கடையத்தில் அம்பாளுக்கே நித்தியகல்யாணி என்றுதான் திருநாமம் என்பது வேறு விஷயம்.

மலையாளத்திலும் இதற்குச் சவக்கோட்டைப் பச்சை என்று ஒரு பெயர் உண்டு. இந்தியில் சதாபஹார், மராத்தியில் சதாபூலி. இரண்டுமே எப்போதும் பூத்திருப்பது என்ற பொருளில் வருபவை. எல்லா மொழியிலும் ஒன்று சாவு, இல்லாவிட்டால் சாகாமை! காரணம் எளிது. சுடுகாட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் கிடையாது. மேய வரும் ஆடும் இந்த இலையின் கசப்புக்குப் பயந்து வாய் வைக்காது. மற்றச் செடிகள் காய்ந்து போன இடத்தில் இது மட்டும் பங்குனி வெயிலிலும் பூத்து நின்றது. அதனால் வந்த கெட்ட பெயர்.

இத்தனை பழக்கமான செடி நம் மண்ணுக்குரியது அல்ல. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் இதைத் தேடிப் பயனில்லை. இதன் தாயகம் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகாஸ்கர் தீவு. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் மூலம் இதன் விதை பாரிஸ் அரச தோட்டத்துக்குப் போனது. அங்கிருந்து லண்டனில் செல்சி மூலிகைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பிலிப் மில்லரிடம் வந்தது. 1759-இல் லின்னேயஸ் இதற்கு வின்கா ரோசியா என்று பெயரிட்டார். பிறகு 1830-களில் ஜார்ஜ் டான் கேதராந்தஸ் என்று மாற்றினார். கிரேக்க மொழியில் அதற்குத் தூய மலர் என்று பொருள். நாம் தீட்டு என்று ஒதுக்கிய பூவுக்கு அவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள்.

கப்பல்கள் போன வெப்ப நாடுகளிலெல்லாம் இது இறங்கி வேரூன்றியது. போன இடங்களில் பலவற்றில் நாட்டு வைத்தியர்கள் இதைச் சர்க்கரை நோய்க்குக் கொடுத்தார்கள். கதையின் திருப்பம் அங்கேதான் இருக்கிறது.

1921-இல் கனடாவின் டொரொன்டோவில் பான்டிங் இன்சுலின் ஆராய்ச்சியைத் தொடங்கியபோது அவருக்கு உதவ இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். ஒருவர் சார்லஸ் பெஸ்ட், இன்னொருவர் கிளார்க் நோபிள். யார் முதலில் வேலைக்குப் போவது என்று காசு சுண்டிப் பார்த்தார்கள். பெஸ்ட் ஜெயித்தார், இன்சுலின் வரலாற்றில் இடம் பிடித்தார். நோபிள் சாதாரண டாக்டராகக் காலம் தள்ளினார்.

அந்த நோபிளுக்கு 1952-இல் ஜமைக்காவிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே 25 இலைகள். இன்சுலின் கிடைக்காதபோது எங்கள் ஊரில் இதைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள் என்று தகவல். ஓய்வு பெற்றிருந்த அவர் அதைத் தம்பி ராபர்ட் நோபிளுக்கு அனுப்பினார். தம்பி மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர்.

ராபர்ட் இலைச்சாற்றை எலிகளுக்குப் புகட்டினார். சர்க்கரை குறையவில்லை. ஊசியாகப் போட்டார். அப்போதும் குறையவில்லை, ஆனால் சில நாட்களில் எலிகள் நோய்த்தொற்று வந்து செத்தன. வேறொருவராயிருந்தால் இலையைத் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பார். இவர் ஏன் செத்தன என்று பார்த்தார். எலிகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கடுமையாகக் குறைந்திருந்தன. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு இது பயன்படலாமே என்று அவருக்குப் பட்டது.

வேதியியல் அறிஞர் சார்லஸ் பீர் அவரோடு சேர்ந்து இலையிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். அதுதான் வின்பிளாஸ்டின். 1958-இல் முடிவை வெளியிட்டபோது, அமெரிக்காவின் எலி லில்லி கம்பெனியில் கார்டன் ஸ்வோபோடா என்பவரும் அதே செடியில் அதே திசையில் வந்துகொண்டிருந்தார். அங்கிருந்து வந்தது வின்கிறிஸ்டின். 1963-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

அந்த நாளில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை பிழைப்பது அபூர்வம். பெற்றோரிடம் டாக்டர்கள் கைவிரிப்பார்கள். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில், குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகையில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அந்த வெற்றி பல மருந்துகள் சேர்ந்து தந்தது. அவற்றில் வின்கிறிஸ்டின் இன்றும் ஒன்று.

ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிறிஸ்டினுக்கு அதைவிடப் பல மடங்கு. அத்தனை இலைக்கு எங்கே போவது? மடகாஸ்கரோடு நம் தென்மாவட்டங்களும் கைகொடுத்தன. மானாவாரி நிலத்தில், வேறு பயிர் கருகும் இடத்தில், விவசாயிகள் இதை விதைத்தார்கள். ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலை பறிப்பு, ஆண்டு முடிவில் வேரோடு பிடுங்கல். வேரிலிருந்து ரத்த ஓட்டக் கோளாறுக்கான அஜ்மலிசின் எடுத்தார்கள். மூட்டை மூட்டையாக இலையும் வேரும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போயின. மருந்து விற்ற லாபத்தில் தாயகத்துக்கும் ஒரு பங்கு தரவேண்டும் என்ற சட்டம் அப்போது கிடையாது. பிற்பாடு அந்த நியாயத்தைப் பேசியவர்கள் முதலில் எடுத்துக்காட்டியது இந்தச் செடியைத்தான்.

இவ்வளவையும் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. தினம் நாலு நித்தியகல்யாணி இலையை மென்றால் சர்க்கரை ஓடிவிடும் என்று காலை நடையில் நண்பர்கள் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பிலும் வருகிறது. அந்த எலிகளை நினைத்துக்கொள்ளுங்கள். வின்கிறிஸ்டினை மில்லிகிராம் கணக்கில் அளந்து, ரத்தப் பரிசோதனை செய்து, நரம்பு வழியாக மட்டுமே ஏற்றுகிறார்கள். அப்படியும் கைகால் மரத்துப்போவது அதன் பக்கவிளைவு. சர்க்கரைக்காரர்களுக்கு ஏற்கனவே பாதம் மரத்திருக்கும். இலையில் எவ்வளவு மருந்து, எவ்வளவு விஷம் என்று நம் வீட்டுத் தராசு சொல்லாது. கஷாயம் வேண்டவே வேண்டாம்.

வளர்ப்பதற்கு மட்டும் இதைவிட நல்ல செடி நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை. குனிந்து நிமிர்ந்து பாடுபட வேண்டாம். கறுப்பு விதை இருட்டில்தான் முளைக்கும், ஆகவே மேலே மெல்லிய மண் தூவுங்கள். நாள் முழுதும் வெயில் விழும் இடம் பாருங்கள். தொட்டியானால் அடியில் துளை அடைபடாமல் இருக்கட்டும். வாடினால் பிழைத்துக்கொள்ளும், ஈரம் தேங்கினால் வேர் அழுகிச் செத்துவிடும். நர்சரியில் விற்கும் குட்டையான கலப்பு ரகங்கள் அடைமழையில் இன்னும் சீக்கிரம் போகும். மழைக்காலத்தில் அவற்றைக் கூரைக்குக் கீழே நகர்த்துங்கள். நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைத்து அடர்த்தியாகும். கிள்ளியபின் பால் பட்ட கையைக் கழுவிவிடுங்கள். பேரக்குழந்தைகள் இலையை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூவைச் சாமிக்கு வைப்பதும் வைக்காததும் உங்கள் வீட்டு வழக்கம். செடியை வாசலில் வைக்கத் தயங்க வேண்டாம்.