ராஜாளி கடற்படை வானூர்தித் தளம், அரக்கோணம்

ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பட்டைக்கு வடமேற்கே, இராணிப்பேட்டை மாவட்டத்தில் அமைந்த இந்தியக் கடற்படையின் விமானத் தளம். இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் திடல் ஒன்றை விரிவாக்கி உருவானது. 1992 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் இதைத் தொடங்கிவைத்தார்.

வங்காள விரிகுடாவையும் மலாக்கா நீரிணையின் மேற்கு வாயிலையும் கண்காணிப்பதே இதன் முதற்பணி. கடலோரமாக இல்லாமல் உள்நாட்டில் இருப்பது வியப்பளிக்கலாம். ஆனால் நெடுந்தொலைவு விமானங்களுக்குக் கடற்கரையின் அண்மையைவிட நீண்ட ஓடுபாதையே முக்கியம். சோவியத் தயாரிப்பான டு-142 விமானங்கள் 2017 மார்ச் வரை இங்கிருந்து பறந்தன. 2013 முதல் வந்த போயிங் பி-8ஐ விமானங்கள் அவற்றின் இடத்தை எடுத்துக்கொண்டன. இவை ஒலிமிதவைகளைக் கடலில் போட்டு நீர்மூழ்கிகளின் ஓசையைக் கேட்கின்றன. தாக்குவதற்கு ஏவுகணைகளும் டார்பிடோக்களும் உண்டு. 2020இல் குத்தகைக்கு எடுத்த சீ கார்டியன் ஆளில்லா விமானங்களும் இங்கிருந்தே இயங்கின.

2014இல் சீன நீர்மூழ்கி கொழும்பில் நின்றது. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகையில் சீன நிறுவனத்திடம் சென்றது. 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 கண்காணிப்புக் கப்பல் அங்கே வந்தது. இந்நிகழ்வுகளுக்குப் பின் அரக்கோணத்தின் தேவை மிகவும் கூடியது என்பதில் ஐயமில்லை. நிக்கோபாரின் கேம்பல் பே தளம் இதே கண்காணிப்பைக் கிழக்கே நீட்டிக்கிறது. கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகளுக்கான பயிற்சிப் பள்ளியும் ராஜாளியில் உள்ளது.