புத்திமதி இல்லாத மூன்று வரி: நடுநிலை வகுப்பில் குறுங்கவிதை

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளிடம் மூன்று வரியில் கவிதை கேட்டால், மூன்றாம் வரியில் பெரும்பாலும் ஒரு புத்திமதி வந்து உட்கார்ந்துவிடும். மரத்தைப் பற்றி எழுதினால் ‘மரம் வளர்ப்போம்’ என்று முடியும். அம்மாவைப் பற்றி எழுதினால் தெய்வம் வந்துவிடும். இதைக் கற்பனை வறட்சி என்பது அவசரத் தீர்ப்பு. சுருங்கச் சொல்வது என்றாலே அறம் சொல்வது என்றுதான் பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள். தொடக்க வகுப்பில் ஆத்திசூடி, பிறகு திருக்குறள், அரசுப் பேருந்தில் ஏறினால் அங்கேயும் ஒரு குறள். குறுங்கவிதை வகுப்பின் முதல் வேலை இந்தப் பழக்கத்தைத் தளர்த்துவது.

ஹைக்கூவைக் கொண்டுவந்தால் தானாகவே சரியாகிவிடும் என்று நம்பத் தோன்றும். பாரதி 1916 அக்டோபரில் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதினார். 1984இல் அமுதபாரதியின் ‘புள்ளிப் பூக்கள்’ என்ற ஹைக்கூத் தொகுப்பு வந்தது. அதன்பின் இங்கே ஹைக்கூ பெருகிய வேகத்தில், கடைசி வரியில் அதிர்ச்சி தரும் சமூக விமர்சனமே அதன் இலக்கணம்போல ஆகிவிட்டது. புத்திமதி போய்க் குத்தல் வந்தது. முடித்துச் சொல்லும் ஆசை போகவில்லை. ஐந்து, ஏழு, ஐந்து என அசை எண்ண வைப்பதும் உதவாது. ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்ற ஒரே சொல் ஒரு வரியை விழுங்கிவிடும் மொழி இது.

நல்ல முன்மாதிரி வீட்டிலேயே இருக்கிறது. குறுந்தொகைப் பாடல்கள், ஓரிரண்டு நீங்கலாக, நான்கு முதல் எட்டு அடிக்குள் அடங்குபவை. இருபத்தைந்தாம் பாடலில் கபிலர் ஒரு குருகை நிறுத்துகிறார். தினைத்தாள் போன்ற கால்; ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருக்கும் பார்வை. தலைவன் தன்னோடு கூடியதற்குத் தலைவிக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான். அது எதைப் பார்த்தது, எதைக் கவனிக்கவில்லை என்பதைக் கபிலர் விளக்குவதில்லை. அகத்திணையின் மற்றச் செய்திகளை மேல் வகுப்புக்கு விட்டுவிட்டு, அந்தப் பறவையின் காலை மட்டும் ஏழாம் வகுப்பில் காட்டலாம்.

எழுதும் பொருளையும் பிள்ளைகளின் ஊரிலேயே தேடலாம். விசைத்தறி ஓடும் சங்கரன்கோவிலை எடுத்துக்கொண்டால், அங்குள்ள பள்ளிக்குக் கருப்பொருள் பஞ்சமில்லை. பூ மார்க்கெட், கோயிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண், ஆடித்தபசுக் கூட்டம், பகலெல்லாம் ஓடும் விசைத்தறி. தறியைப் பற்றி எழுதச் சொன்னால் எப்படி வரும் என்பதற்கு, இக்கட்டுரைக்காகப் புனைந்த எடுத்துக்காட்டு இது:

தறி ஓடுகிறது தடதடவென
அப்பா வியர்வை சிந்துகிறார்
உழைப்பே உயர்வு தரும்

மூன்றாம் வரியை அடித்ததும் இரண்டாம் வரி நொண்டும். ‘வியர்வை சிந்துதல்’ மேடையில் கேட்ட சொல். ஆசிரியர் இங்கே திருத்தக் கூடாது. கேட்க வேண்டும்: கரண்ட் போனால் உன் தெருவில் என்ன கேட்கும்? பதில் இப்படி வரலாம்:

கரண்ட் போச்சு
அம்மா கூப்பிடுவது
தெருமுனை வரை

சத்தத்தின் அளவு சொல்லப்படவில்லை, நின்றபின்தான் தெரிகிறது. தறி என்ற சொல்லே இல்லை. வெளியூர் வாசகருக்கு அது புரியாதே என்ற தடை நியாயமானது. ‘தறி நின்றது’ என்று முதல் வரியை மாற்றலாமா என்ற விவாதமே அன்றைய பாடமாகட்டும்.

மதிப்பெண்தான் சிக்கல். எதுகை, மோனை, நல்ல கருத்து என்று அளந்தால் முதல் வடிவமே ஜெயிக்கும். பள்ளிப் போட்டிகளும் ‘நீரின்றி அமையாது உலகு’, ‘பெண் கல்வி’ என்று தலைப்பிலேயே முடிவைக் கொடுத்துவிடுகின்றன. இதற்கு ஒரு வழி உண்டு. இரண்டு வடிவங்களையும் ஒரே தாளில் வாங்கி, எந்தச் சொல்லை ஏன் அடித்தாய் என்று மாணவரை ஒரு வரி எழுதவைத்து, அந்த வரிக்கும் மதிப்பெண் தரலாம்.