தாழ்த்திய பிக்கப் ஏன் துள்ளுது? ஒரு ஸ்பிரிங், மூணு வேலை

இன்னைக்குக் கதை ஒரு சத்தத்தில ஆரம்பிக்குது. கலிஃபோர்னியா ரோடு ஒண்ணுல, தரையை ஒட்டி இறக்கின ஒரு பழைய பிக்கப் சிக்னல்ல நிக்குதுன்னு வச்சுக்கோங்க. பச்சை விழுது. டிரைவர் ஆக்சிலரேட்டரை அழுத்துறார். வண்டி பாயணும் இல்லையா? பாயல. பின்பக்கம் தட தட தடன்னு துள்ளுது. டயர் தரையை விட்டு எழும்பி, மறுபடி விழுந்து, திரும்ப எழும்புது. இதைத்தான் அங்க ‘ஆக்சில் ஹாப்’னு சொல்றாங்க.

பார்க்கிறவங்களுக்கு வேடிக்கை. வண்டிக்கு அப்படி இல்ல. ஒவ்வொரு தடவை டயர் தரையைப் பிடிக்கும்போதும் புரொப்பல்லர் ஷாஃப்ட், அதோட ஜாயிண்ட், டிஃபரன்ஷியல் பல் எல்லாத்துக்கும் சுத்தியல் அடி மாதிரி ஒரு அதிர்ச்சி போகுது. வளைவுல இது நடந்தா பின்பக்கம் எங்க போகும்னு யாராலும் சொல்ல முடியாது.

“வண்டியை இறக்கினதாலதான் இப்படி”ன்னு பொதுவா சொல்வாங்க. அது பாதி உண்மை. மீதிப் பாதிக்கு நாம ஒரு நூற்றாண்டு பின்னாடி போகணும்.

1908ல வந்த ஃபோர்டு மாடல் டி-ல பின் ஸ்பிரிங் வண்டிக்குக் குறுக்கே இருக்கும். அதோட முக்கிய வேலை எடையைத் தாங்குறது. சக்கரம் சுத்தும்போது ஆக்சில் எதிர்ப்பக்கமா முறுக்கிக்கப் பார்க்கும் இல்லையா, அந்த முறுக்கைத் தாங்க தனியா ஒரு கெட்டியான குழாய் இருந்தது. பேரு டார்க் டியூப். புரொப்பல்லர் ஷாஃப்ட் அதுக்குள்ள சுத்தும். கனமான அமைப்பு, கழட்டி மாட்டுறதும் கஷ்டம். ஆனா முறுக்கைத் தாங்குற பொறுப்பு யாருக்குன்னு அதுல தெளிவா இருந்தது.

இதுக்குப் போட்டியா இன்னொரு முறை இருந்தது. பிரெஞ்சு நிறுவனமான ஹாட்ச்கிஸ் பேர்ல அழைக்கப்படும் ‘ஹாட்ச்கிஸ் டிரைவ்’. இதுல டார்க் டியூபே கிடையாது. வண்டியோட நீளவாக்கில ரெண்டு லீஃப் ஸ்பிரிங். எடையைத் தாங்குறதும் அதுதான், ஆக்சிலை அதன் இடத்தில பிடிச்சு வைக்கிறதும் அதுதான், முறுக்கைத் தாங்குறதும் அதுதான். பாகங்கள் குறைவு, எடை குறைவு, செலவும் குறைவு. ஃபோர்டு கார்கள் 1949 மாடல்ல இதுக்கு மாறின. செவர்லே கார்கள் 1955ல மாறின.

நான் சாஃப்ட்வேர் எழுதுறவன். ஒரே ஃபங்ஷனுக்குள்ள மூணு வேலையைத் திணிச்சா என்ன ஆகும்னு எனக்கு நல்லாத் தெரியும். சாதாரண நாள்ல ஓடும். லோடு ஏறும்போது மாட்டிக்கும். இங்கயும் அதேதான் நடந்தது.

1950கள், 60கள்ல இன்ஜின் சக்தி ஏறிக்கிட்டே போச்சு. அவ்வளவு சக்தியை ஒரே நேரத்தில கொடுக்கும்போது லீஃப் ஸ்பிரிங் ‘எஸ்’ எழுத்து மாதிரி வளையுது. டிஃபரன்ஷியலோட மூக்கு மேல தூக்கும். ஒரு கட்டத்தில டயர் பிடி விடும். பிடி விட்டதும் ஸ்பிரிங் பழைய நிலைக்கு வெட்டித் திரும்பும். டயர் மறுபடி பிடிக்கும், ஸ்பிரிங் மறுபடி வளையும். இந்தச் சுழற்சிதான் அந்தத் தட தட.

டெட்ராய்ட் இதை எப்படிச் சமாளிச்சதுன்னு பாருங்க. 1967 கேமரோல பின்பக்கம் ஒத்தைப் பட்டை ஸ்பிரிங் போட்டாங்க. துள்ளல் புகார் வந்தது. 1968ல ஷாக் அப்சார்பர் ரெண்டையும் ஒரே பக்கம் வைக்காம, ஒண்ணை ஆக்சிலுக்கு முன்னாடியும் இன்னொண்ணைப் பின்னாடியும் மாத்தி வச்சாங்க. ஆக்சில் முறுக்கிக்கும்போது ஷாக் அதை அடக்கும். கிரைஸ்லர் வேற வழியில போச்சு. ஸ்பிரிங்கோட முன்பகுதியைக் குட்டையா, விறைப்பா ஆக்கினாங்க. டிஃபரன்ஷியல் மூக்குக்கு மேல ஒரு ரப்பர் கட்டையும் வச்சாங்க, மூக்கு தூக்கினா அதுல போய் இடிச்சு நிக்கும். டிராக் ரேஸ் பசங்க ஸ்பிரிங்குக்கு அடியில டிராக்ஷன் பார்னு ஒரு இரும்புக் கம்பியை மாட்டினாங்க. எல்லாத்தோட சாரமும் ஒண்ணுதான்: ஸ்பிரிங் கையில இருந்து முறுக்கு வேலையை முடிஞ்ச அளவு பிடுங்கி வேற எதுக்காவது கொடு.

இப்ப பிக்கப்புக்கு வருவோம். பிக்கப் சுமைக்காகச் செஞ்ச வண்டி. தொட்டி காலியா இருந்தா பின் டயர் மேல எடையே இல்ல, ஸ்பிரிங்கோ விறைப்பு. துள்றதுக்கு இதைவிட நல்ல நிலைமை வேணுமா? ஆனா ஒரு விதிவிலக்கு இருந்தது. 1960ல இருந்து 1972 வரை வந்த செவர்லே சி-10ல பெரும்பாலும் பின்பக்கம் காயில் ஸ்பிரிங். ஆக்சிலை ரெண்டு நீளமான கைகள் இறுகப் பிடிச்சிருக்கும். அந்தக் கைகள் முன்னாடி ஒண்ணை ஒண்ணு நெருங்கி வந்து, சேசிஸ் குறுக்குச் சட்டத்தில மாட்டியிருக்கும். முறுக்கை அந்தக் கைகள் தாங்கும், எடையைக் காயில் தாங்கும், பக்கவாட்டு நகர்வை ஒரு குறுக்குக் கம்பி தடுக்கும். மூணு வேலைக்கு மூணு ஆள்.

1973ல செவர்லே அதை விட்டுட்டு, தன்னோட பிக்கப்களுக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கே போயிடுச்சு. சுமை வண்டிக்கு அதுதான் எளிமை. ஆனா நாஸ்கார் ரேஸ்காரங்க அந்தக் கைகளைத் தூக்கிப் போடல. ‘டிரக் ஆர்ம்’ங்கிற பேர்லயே, அதே அமைப்பு நாஸ்காரோட முதன்மைப் பந்தயத்தில 2021 சீசன் வரைக்கும் ஓடுச்சு. 2022ல வந்த புது கார்லதான் மாறுச்சு. பண்ணைக்கு வைக்கோல் ஏத்தின வண்டியோட பாகம் அரை நூற்றாண்டு ரேஸ் ஓடியிருக்கு!

சரி, இறக்கினா என்ன ஆகுது? லீஃப் ஸ்பிரிங் பிக்கப்பை இறக்க, ஸ்பிரிங்குக்குக் கீழ இருக்கிற ஆக்சிலை மேல மாத்துவாங்க. ஏற்கனவே மேல இருந்தா நடுவுல பிளாக் வைப்பாங்க. சிலர் பட்டைகளையே உருவிடுவாங்க. பிளாக் வச்சாலே முறுக்கு கூடும்னு ஒரு நம்பிக்கை உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தா அப்படி இல்ல. ஸ்பிரிங்குக்கு வர்ற முறுக்கு, தரையில இருந்து ஸ்பிரிங் எவ்வளவு உயரத்தில இருக்குங்கிறதைப் பொறுத்தது. வண்டியைத் தூக்குற பிளாக் அதைக் கூட்டும். இறக்குற பிளாக் ஸ்பிரிங்கைத் தரைக்குக் கிட்ட கொண்டு வரும், அதனால கொஞ்சம் குறையக்கூடச் செய்யும்.

அப்போ உண்மையான குற்றவாளி யாரு? பெரும்பாலும் நாலு பேர். ஒண்ணு, பழைய நீள ஷாக்கையே விட்டுடுறது. வண்டி இறங்கினதும் அது முக்கால்வாசி அமுங்கி நிக்கும், அடக்க வேண்டிய நேரத்தில முட்டிக்கும். ரெண்டு, ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடைவெளி இல்லாம ரப்பர் ஸ்டாப்ல இடிக்கிறது. மூணு, டிஃபரன்ஷியல் மூக்கோட கோணம் மாறிப் போறது. நாலு, உருவின பட்டை. முறுக்கைத் தாங்க இருந்த பலமே போச்சு.

அதனால வரிசையாப் பாருங்க. முதல்ல யூ-போல்ட் இறுக்கம், ஸ்பிரிங் புஷ் தேய்மானம். அடுத்து உயரத்துக்கு ஏத்த குட்டை ஷாக். இடைவெளி பத்தலன்னா சேசிஸ்ல வளைவு வெட்டி, கெட்டியா வலுவூட்டணும். கோணத்தை ஆப்பு வச்சுச் சரி பண்ணணும். இதெல்லாம் முடிஞ்ச பிறகும் துள்ளினாத்தான் டிராக்ஷன் பார். நிறைய பேர் தலைகீழா ஆரம்பிச்சு, காசைக் கரைக்கிறாங்க.

கடைசியா ஒண்ணு. இந்த வேலையெல்லாம் கலிஃபோர்னியாவில ரொம்ப காலம் சட்டத்தோட நிழல்லதான் நடந்தது. வண்டியோட எந்தப் பாகமும் சக்கர ரிம்மோட அடிமட்டத்துக்குக் கீழ இறங்கக் கூடாதுன்னு 1950களோட கடைசியில ஒரு சட்டப் பிரிவு வந்தது. நம்பர் 24008. சின்ன பிக்கப்களும் அதுல அடக்கம். அந்த நேரத்திலதான் ரான் அகீரே தன் கார்வெட்ல விமானத்துக்கான ஹைட்ராலிக் பாகங்களைப் பொருத்தி, நினைச்சா ஏத்தலாம் இறக்கலாம்னு ஆக்கினார். மெக்சிகன் அமெரிக்கர்களோட லோரைடர் கலாச்சாரத்துக்கு அது ஒரு திருப்புமுனை. அந்தப் பிரிவு 2024 ஜனவரியிலதான் நீங்குச்சு.

சட்டம் ரிம்மோட உயரத்தை அளந்தது. ஷாக் சரியான நீளமா, போல்ட் இறுக்கமான்னு அந்தப் பிரிவு கேட்கல. ஒழுங்கா இறக்கின வண்டிக்கும் பட்டையை உருவிவிட்ட வண்டிக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது. அந்த வித்தியாசம் வண்டிக்கு அடியில படுத்து வேலை பார்க்கிறவருக்குத்தான் தெரியும். உங்க வண்டி துள்ளினா, நீங்களும் முதல்ல அங்க போய்ப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.