தாயகம் திரும்பியோர்

தாய் + அகம் = தாயகம். அகம் என்றால் வீடு, உள்ளிடம். என்னை உறுத்துவது 'திரும்பியோர்' என்ற பாதிதான். போனவர்தானே திரும்ப முடியும்? 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையின் மலையகத் தோட்டங்களிலிருந்து தமிழகத்துக்கு அனுப்பப்பட்டு இப்பெயர் பெற்றவர்களில் பலர் அங்கேயே பிறந்தவர்கள். தகரப்பெட்டியும் மூட்டையுமாக இராமேசுவரத்தில் கப்பலைவிட்டு இறங்கிய அன்றுதான் இந்த மண்ணை முதன்முதலாக மிதித்தார்கள். இலங்கையில் அவர்களைக் 'கள்ளத்தோணி' என்று ஏசினார்கள். அனுமதியில்லாமல் வரும் படகுக்கான சொல், ஆளின் மேல் ஏறியது. சிங்களப் பேச்சிலும் அப்படியே தொற்றிக்கொண்டது. அவர்களின் பாட்டன்மார் ரப்பரும் தேயிலையும் நட்ட மண் அது! இங்கே, கூடலூரிலும் கோத்தகிரியிலும் அதே கைகள் கொழுந்து பறித்தன. ஊரார் வைத்த பெயர் 'சிலோன்காரர்'.