ஒரு கடலும் ஒன்பது கரைகளும்

கடலில் எல்லைக்கல் நட்டவர் எவருமில்லை. வரைபடத்தில் கோடு கிழிக்கலாம். அலை அதனை அறியாது. ஒரு நாட்டின் ஆறு சுமந்துவரும் அழுக்கு மறுநாட்டின் கரையில் ஒதுங்குகிறது. எளிய இவ்வுண்மையை ஏற்க வட ஐரோப்பிய நாடுகளுக்கு நெடுங்காலம் பிடித்தது. பால்டிக் கடலின் வரலாறே அதற்குச் சான்று.

பால்டிக், பெரும்பாலும் நிலத்தால் சூழப்பட்ட கடல். டென்மார்க்கை ஒட்டிய குறுகலான நீரிணைகளின் வழியாகவே அது பெருங்கடலோடு கலக்கிறது. ஆதலால் அதன் நீர் முழுவதும் மாற ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆகும். அதன் கரையில் ஒன்பது நாடுகள். அதில் வந்து விழும் ஆறுகளின் நிலப்பரப்பில் ஏறத்தாழ எட்டரைக் கோடி மக்கள். வயல்களின் உரமும் நகரங்களின் கழிவுநீரும் கடலில் பாசியைப் பெருக்கின. மடிந்த பாசி அடித்தளத்தில் அழுகி உயிர்வளியைக் குடித்தது. ஆழப்பகுதிகள் பல, மீன் வாழ இயலாத இடங்களாயின.

1974-ஆம் ஆண்டு ஐரோப்பா இரு பகை முகாம்களாகப் பிரிந்து நின்றது. அந்நாளிலேயே சோவியத் ஒன்றியம், போலந்து, கிழக்கு ஜெர்மனி, மேற்கு ஜெர்மனி, டென்மார்க், சுவீடன், பின்லாந்து ஆகிய ஏழு நாடுகளும் ஹெல்சிங்கியில் கூடி, இக்கடலைக் காக்க உடன்படிக்கை செய்தன. அது 1980-இல் நடைமுறைக்கு வந்தது. வேறெதிலும் ஒன்றுபடாதவர்களைக் கடல் ஒரே மேசையில் அமர்த்தியது.

ஆனால் தொடக்கத்தில் அவர்கள் பெரிதும் எண்ணியது நஞ்சைத்தான். எந்தப் பொருள் எவ்வளவு கலக்கிறது என்பதை அளந்தார்கள். கடல் கெடுவதால் மனிதர் இழப்பது எவ்வளவு என்ற கேள்வி பின்னரே வலுப்பெற்றது. 2008-இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய சட்டம், கடலைச் சார்ந்த பொருளாதாரத்தையும் சமூக வாழ்வையும், கடல் சீர்கெடுவதால் ஏற்படும் இழப்பையும் ஆராயுமாறு உறுப்பு நாடுகளைப் பணித்தது. ஆளுக்கொரு படியால் அளந்தால் மொத்தக் கணக்கு எப்படிக் கூடும்? எனவே அளவுகோலும் பொதுவாக வேண்டியதாயிற்று.

அவ்வகை முயற்சி ஒன்றின் முடிவு 2013-இல் வெளியாயிற்று. ஒன்பது நாடுகளிலும் சுமார் 10,500 பேரிடம் ஒரே கேள்வி கேட்கப்பட்டது: கடல் நலம்பெற ஆண்டுதோறும் எவ்வளவு தருவீர்கள்? விடைகளைக் கொண்டு கணித்த மொத்தம் ஆண்டுக்கு ஏறத்தாழ 380 கோடி யூரோ. சீரமைக்க ஆகும் செலவோ 230 முதல் 280 கோடி. காப்பதைவிடக் கைவிடுவதே இழப்பு என்பது தெளிவாயிற்று. 2018-இல் வெளியான, முழுக் கடலின் நிலை பற்றிய பொது அறிக்கையிலும் பொருளாதார, சமூக ஆய்வு இடம்பெற்றது.

பணத்தை எங்கே செலவிட்டால் பயன் மிகுதி என்பதையும் இத்தகைய கணக்கு காட்டும். புனித பீட்டர்ஸ்பர்க்கில் 2005-இல் திறக்கப்பட்ட தென்மேற்குக் கழிவுநீர்த் தூய்மை நிலையத்திற்குச் சுவீடனும் பின்லாந்தும் உதவின. அயலான் வீட்டுச் சாக்கடையைத் தூய்மை செய்வது தன் கரையைக் காப்பதே என உணர்ந்த செயல் அது.

எனினும் இக்கணக்கில் ஒரு குறை உண்டு. சுவீடன் மக்கள் மிகுதியாகத் தர முன்வந்தனர். லாத்வியர் சொன்ன தொகை மிகச் சிறிது. அதனால் லாத்வியருக்குக் கடல்மேல் அன்பு குறைவு என்று பொருளாகுமா? பணப்பை மெலிந்தவனின் விருப்பம் பணக்கணக்கில் சிறிதாகவே தெரியும். ஆகவே தொகையோடு, கடலை நம்பி வாழ்வோரின் நிலையையும் அறிதல் வேண்டும். கிழக்குப் பால்டிக்கில் காட் மீன் வளம் சரிந்தமையால் 2019-இல் அதனைக் குறிவைத்துப் பிடிக்க ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. வலையைச் சுருட்டி வைத்த மீனவரின் துயரத்தை எந்த யூரோ முழுமையாகச் சொல்லும்?

2022-இல் உக்ரைன் போரை அடுத்து, ருசியாவுடன் கூடும் அதிகாரப்பூர்வக் கூட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. பனிப்போர் நாளில் கூடிய மேசை, இந்நாளில் குலைந்தது. ஆனால் நேவா ஆறு இன்றும் அதே கடலில்தான் விழுகிறது. மனிதர் பேச்சை நிறுத்தலாம். நீரை நிறுத்த இயலாது. கடலைப் பகிர்ந்தவர்கள் அதன் கணக்கையும் பகிர்ந்தே ஆகவேண்டும்.