புயல் பாதையில் திருத்தணி

வங்கக்கடலில் உருவாகிச் சென்னைக்கும் நெல்லூருக்கும் இடையே கரையேறும் புயல்கள் பெரும்பாலும் மேற்கு, வடமேற்குத் திசையில் நகர்ந்து, கொசஸ்தலையாற்றுச் சமவெளியைக் கடந்து, திருத்தணி, நகரி மலைப் பக்கம் வரும்போது வலுவிழக்கின்றன. முருகனின் அறுபடை வீடுகளில் ஒன்றான திருத்தணி கடலிலிருந்து ஏறத்தாழ 80 கி.மீ. உள்ளே இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்து சேர்வதற்குள் காற்றின் சீற்றம் தணிந்துவிடும், மழை தணிவதில்லை. மலைச்சரிவில் பெய்வது நந்தியாற்றிலும் கொசஸ்தலையாற்றிலும் இறங்கிப் பூண்டி ஏரிக்குப் போகிறது. ஆனால் புயலின் பாதையைக் கணிக்கும் கலை கப்பல்களுக்காகவும் துறைமுகங்களுக்காகவும் பிறந்தது. உள்நாட்டு ஊர்களின் மழை அதன் கணக்கில் சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

திருத்தணிக்குப் புயலின் வலிமையைவிட அது எந்தப் பக்கமாகப் போகிறது என்பதே முக்கியம். பூமியின் வடபாதியில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். மையம் திருத்தணிக்குத் தெற்கே, புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையேறினால், ஊர் புயலின் வடபுறத்தில் அமைகிறது. காற்று கிழக்கிலிருந்து, கடலிலிருந்து வருகிறது. ஈரம் சுமந்த அந்தக் கொண்டல் காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து கொட்டித் தீர்க்கும். மையம் வடக்கே நெல்லூர்ப் பக்கம் சென்றால், ஊர் தென்புறத்தில் அமைகிறது. காற்று ராயலசீமாவின் வறண்ட மேட்டு நிலத்திலிருந்து, வடமேற்குக் காற்றாக வீசுகிறது. மேகம் கலைந்து, பல வேளைகளில் மழை திடீரென்று நின்றுவிடும். புயல் மேலும் உள்ளே போய் ஊருக்கு மேற்கே நிலைகொண்டால் காற்று தெற்கு, தென்கிழக்குத் திசையிலிருந்து வீசத் தொடங்கும். மறுபடி தூறல் தொடங்கும். வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று காற்றைத் திசையால் பெயரிட்டு அழைத்த மண்ணில் உழவர்கள் வானத்தைப் பார்த்து மழையைச் சொன்னதற்குப் பின்னால் இந்தச் சுழற்சிதான் இருந்தது. வடக்கே போகும் பாதைக்கும் தெற்கே போகும் பாதைக்கும் இடைவெளி சில வேளைகளில் 100 கி.மீ. கூட இருக்காது.

இந்தச் சுழற்சியை வங்கக்கடலில் ஆதாரங்களோடு நிறுவியவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். கப்பல் தலைவர்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி, எந்த நேரத்தில் எந்த இடத்தில் எந்தத் திசையிலிருந்து காற்று அடித்தது என்று வரைபடத்தில் குறித்து, ஒவ்வொரு புயலின் பாதையையும் பின்னோக்கி வரைந்தார். 1839 முதல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் அந்த ஆய்வுகள் வெளிவந்தன. 1848இல் அவர் எழுதிய மாலுமிக் கையேட்டில்தான் ‘சைக்ளோன்’ என்ற சொல் பிறந்தது. அந்த நூலோடு கொம்பினால் செய்த, ஒளி ஊடுருவும் மெல்லிய தகடுகளும் வந்தன. தகட்டில் வட்டங்களும் காற்றின் திசைகாட்டும் அம்புகளும் அச்சாகியிருந்தன. மாலுமி அதைக் கடல் வரைபடத்தின் மேல் வைத்து, தன் கப்பலில் அடிக்கும் காற்றின் திசையோடு அம்பைப் பொருத்திப் பார்த்தால், புயலின் மையம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். தந்தியோ ரேடாரோ இல்லாத காலத்தில், நடுக்கடலில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவனுக்கு உயிர்பிழைக்க இது பெரும் துணை. வானிலை வரலாற்றில் இவ்வளவு எளிய, இவ்வளவு பயனுள்ள கருவிகள் குறைவு.

பின்னோக்கி வரைந்த பாதையை முன்னோக்கி வரையும் தேவை 1864இல் வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவையும் நவம்பரில் மசூலிப்பட்டினத்தையும் தாக்கிய புயல்கள் பல்லாயிரம் உயிர்களைக் குடித்தன. மறு ஆண்டே கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு தொடங்கியது. 1875இல் இந்திய வானிலைத் துறை அமைந்தது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட்.

சென்னையில் வானிலைக் குறிப்பெடுப்பு அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வுக்கூடம் விண்மீன்களோடு காற்றழுத்தத்தையும் மழையையும் பதிவு செய்துவந்தது. ஆனால் அன்றைய சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. 1872 மே மாதத் தொடக்கத்தில் வந்த புயல் அப்படி நின்ற கப்பல்கள் பலவற்றைக் கரையில் மோதி உடைத்தது. அதன்பின் கட்டத் தொடங்கிய துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களையும் 1881 நவம்பர்ப் புயல் பெயர்த்துப் போட்டது.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு இந்தக் காலத்தின் வாரிசு. பகலில் கூம்பு, உருளை வடிவக் கூண்டுகளும் இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் கொடிமரத்தில் ஏறும். இன்றைய முறையில் 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. 1 என்றால் தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. எண் கூடினால் ஆபத்தும் கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் நடுவிலுள்ள எண்கள் சொல்வது திசையை. 5 என்றால் புயல் துறைமுகத்தை இடப்புறம் விட்டுச் செல்லும். 6 என்றால் வலப்புறம் விட்டுச் செல்லும். 7 என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும். இதையே இன்னும் கடுமையான புயலுக்குச் சொல்பவை 8, 9, 10. மேற்கு நோக்கி வரும் புயலுக்குச் சென்னையில் 5ஆம் எண் ஏறினால் அது வடக்கே போகிறது என்று பொருள். 6 ஏறினால் தெற்கே. சென்னையும் திருத்தணியும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில், கிழக்கு மேற்காக இருப்பவை. ஆகவே மலையடிவாரத்தின் மழைக்கான குறிப்பு துறைமுகக் கொடிமரத்திலேயே தொங்கியது. அதைப் படிக்க வேண்டிய உழவர்களுக்கும் ஏரி காப்பவர்களுக்கும் அது எழுதப்படவில்லை. அவர்கள் கண்ணுக்கு எட்டும் இடத்திலும் இல்லை.

உள்நாட்டில் இருந்தவை மழைமானிகள். தாலுகா அலுவலகங்களில் புனலும் கலமுமாக நிறுத்தப்பட்ட இந்தக் கருவிகள் பெய்து முடிந்ததைத்தான் சொல்லும். இன்றும் காலை 8.30க்கு அளந்து எழுதப்படுவது முந்தைய 24 மணி நேரத்தின் மழை. அன்று கடலிலோ அந்த அளவுக்குக் கூடத் தகவல் இல்லை. தந்தி கரையோர நிலையங்களை இணைத்திருந்தாலும் நடுக்கடல் வெற்றிடமாகவே கிடந்தது. இருபதாம் நூற்றாண்டில் கப்பல்களுக்குக் கம்பியில்லாத் தந்தி வந்தபின் அந்த வெற்றிடம் ஓரளவு நிரம்பியது. ஆனால் புயல் வலுக்க வலுக்கக் கப்பல்கள் விலகி ஓடும் என்பதால், தகவல் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது கிடைக்காமல் போனது.

இதே காலத்தில் திருத்தணி நிர்வாக எல்லைகளுக்கிடையே இடம் மாறிக்கொண்டிருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்த இவ்வூர், 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது அதோடு போனது. மங்கலங்கிழாரும் ம.பொ.சிவஞானமும் முன்னின்ற எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஊர் இந்தப் பக்கம் வந்தது. அதன் ஆற்றுக்கு நீர் தரும் மலைகளில் பல அந்தப் பக்கமே நின்றன.

கடல் வெற்றிடத்தை நிரப்பியவை செயற்கைக்கோளும் ரேடாரும். 1960இல் விண்ணில் ஏறிய டைரோஸ் செயற்கைக்கோள் மேகச்சுருளை மேலிருந்து படம்பிடித்துக் காட்டியது. மேகத்தின் வடிவத்தை வைத்தே புயலின் வலிமையை மதிப்பிடும் முறையை 1970களில் அமெரிக்கரான வெர்னன் ட்வோராக் வகுத்தார். வங்கக்கடலுக்கும் அதுவே இன்றுவரை அடிப்படை. 1970இல் விசாகப்பட்டினத்தில் இந்தியாவின் முதல் புயல் கண்டறியும் ரேடார் அமைந்தது. சில ஆண்டுகளில் சென்னைத் துறைமுகத்துக்கும் ஒன்று வந்தது. சுமார் 400 கி.மீ. தொலைவு வரை பார்க்கும் அதன் திரையில், மழை வளையத்தின் நடுவே எதிரொலி இல்லாத இருண்ட புள்ளியாகப் புயலின் கண் தெரியும். கண் தெளிவாக அமையாத புயல்களுக்குச் சுருள் கோடுகள் வரைந்த ஒளி ஊடுருவும் தாளைத் திரையின் மேல் வைத்து, மழைப்பட்டைகளோடு பொருத்தி மையத்தைக் கணக்கிட்டார்கள். பிடிங்டனின் கொம்புத் தகடு செய்த அதே வேலை.

1977 நவம்பர் 19 அன்று கிருஷ்ணா கழிமுகத்தின் திவி சீமையைத் தாக்கிய புயலில் சுமார் 10,000 பேர் மாண்டனர். புயலைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, செய்தி கடைசி ஊருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதை இந்தப் பேரழிவு உறைக்கவைத்தது. 1980களின் நடுவில், இன்சாட் செயற்கைக்கோள் வழியாக அந்தந்த வட்டார மொழியில் எச்சரிக்கையை ஒலிபரப்பும் கருவிகள் முதன்முதலாக வட தமிழகத்திலும் தென் ஆந்திரத்திலும், அதுவும் கடலோரங்களில், நிறுவப்பட்டன.

புயலைக் காண முடிந்தாலும் அது போகும் வழி வேறு சிக்கல். வளிமண்டலத்தின் மேலடுக்குக் காற்றுதான் புயலைத் தள்ளிச் செல்கிறது. அந்தக் காற்று வலுவிழக்கும் இடத்தில் புயல் நின்றுவிடும், திரும்பும், வட்டமடிக்கும். 1996 நவம்பர் இறுதியில் உருவான ஒரு புயல் நடுக்கடலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, டிசம்பர் 6 அன்றுதான் சென்னை அருகே கரையேறியது. 2013இல் மாடி புயல் வடக்கே ஏறிச் சென்று, பிறகு தென்மேற்காகத் திரும்பி வேதாரண்யம் பக்கம் ஒதுங்கியது. கணினி மாதிரிகள் மேலடுக்குக் காற்றைக் கணக்கிடத் தொடங்கிய பிறகே இத்தகைய திருப்பங்கள் ஓரளவு பிடிபட்டன. இந்திய வானிலைத் துறை 2009 முதல் 72 மணி நேரத்துக்கும் 2013 முதல் 120 மணி நேரத்துக்கும் பாதையைக் கணித்து வெளியிடுகிறது. பாதைக் கோட்டைச் சுற்றிப் பிழை எல்லையைக் காட்டும் கூம்பும் 2009இல்தான் வந்தது. 24 மணி நேரக் கணிப்பின் சராசரிப் பிழை இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் 140 கி.மீ. அளவில் இருந்தது; இப்போது 80 கி.மீ. அளவுக்கு இறங்கியிருக்கிறது. பெரும் சாதனைதான். ஆனால் திருத்தணியில் கொட்டுமா, ஓயுமா என்பதைத் தீர்மானிக்கும் தூரமும் ஏறக்குறைய அதுவே.

2002இல் சென்னைத் துறைமுகத்தில் நாட்டின் புயல் எச்சரிக்கைப் பணிக்கான முதல் டாப்ளர் ரேடார் இயங்கத் தொடங்கியது. மழையோடு காற்றின் வேகத்தையும் அளக்கும் இது, 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்து மேற்கே நகர்ந்ததைப் பின்தொடர்ந்தது. ஆயினும் திருத்தணிப் பகுதிக்குப் பாடமான நாட்களைத் தந்தவை பெயரே பெறாத சிறிய மண்டலங்கள். 2021 நவம்பர் 19 அதிகாலை புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கரையேறியது. புயலாக வலுக்காததால் அதற்குப் பெயர் இல்லை. ஆனால் அதன் வடபுறக் கொண்டல் காற்று திருப்பதி மலைகளில் மோதித் திருப்பதி நகரை மூழ்கடித்தது. கடப்பை மாவட்டத்தில் அன்னமய்யா அணை உடைந்தது. 2024 அக்டோபரில் இதற்கு நேர்மாறாக நடந்தது. சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களுக்கு 16ஆம் தேதி சிவப்பு எச்சரிக்கை இருந்தது. தாழ்வு மண்டலம் வடக்கே விலகி, 17ஆம் தேதி அதிகாலை சென்னைக்கு வடக்கே கரையேறியது. மழை ஓய்ந்துவிட்டது. கணிப்பு பொய்த்தது என்று பலர் குறைகூறினர். மையம் எங்கே கரையேறும் என்பது பெரும்பாலும் சரியாகவே சொல்லப்பட்டிருந்தது. மழைப்பட்டை எந்தப் பக்கம் அமையும் என்பதுதான் பிசகியது.

மாவட்டவாரியாக நிறம் குறித்து எச்சரிப்பது, அடுத்த சில மணி நேரத்துக்கு ஊர்வாரியாக மழை சொல்வது ஆகியவை இப்போது வழக்கமாகிவிட்டன. திருத்தணியிலும் வானிலைத் துறையின் நிலையம் இருக்கிறது. ஆனால் கொசஸ்தலையாற்றின் வெள்ளத்தை அந்த நிலையத்தின் மழையளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆந்திரப் பக்கத்திலுள்ள கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறக்கப்படும்போது நீர் முதலில் பள்ளிப்பட்டுப் பகுதியின் தரைப்பாலங்களை மூழ்கடிக்கிறது. பிறகு பூண்டிக்கு வருகிறது. 1944இல் கட்டிய பூண்டி ஏரியின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. மழைக்கு முன்பே நீரைத் திறந்து இடம் ஒதுக்குவதா, சென்னையின் கோடைக்காலக் குடிநீருக்காகத் தேக்கிவைப்பதா என்பதைப் புயலின் பாதையைப் பார்த்தே பொறியாளர்கள் முடிவு செய்கிறார்கள். அந்த முடிவுக்குச் சென்னை வானிலை மையத்தின் கணிப்போடு, எல்லைக்கு அப்பால் நகரி, சித்தூர்ப் பக்க மழைமானிகளின் அளவும் அணை திறக்கும் நேரமும் தேவைப்படுகின்றன.