பேசாமல் நின்றவர்கள்: தொலைக்காட்சித் தொடர்களில் துணை நடிகர்கள்

'ஃபிரெண்ட்ஸ்' தொடரின் காபிக் கடைக் காட்சிகளுக்கு, கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்க ஓர் ஆள் தேவைப்பட்டது. வசனம் கிடையாது, காபி போடுவதுபோல் தெரிந்தால் போதும். வந்திருந்த துணை நடிகர்களில் எஸ்பிரெஸ்ஸோ இயந்திரத்தைக் கையாளத் தெரிந்தவர் ஜேம்ஸ் மைக்கேல் டைலர். ஹாலிவுட்டில் நிஜமாகவே ஒரு காபிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். 1994-ல் தொடங்கிய முதல் சீசன் முழுக்க அவர் வாய் திறக்கவில்லை. இரண்டாம் சீசனில்தான் 'ஆமாம்' என்று ஒரே ஒரு சொல் கிடைத்தது. 2004-ல் தொடர் முடிந்தபோது, கன்தர் என்ற பெயரோடு அவர் ஏறத்தாழ 150 எபிசோடுகளில் தோன்றியிருந்தார்.

இதை ஒருவருக்கு அடித்த யோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. சினிமா கூட்டமாகவே வைத்திருந்த துணை நடிகரைத் தொலைக்காட்சி மெல்ல மெல்லத் தனி மனிதராக்கியது. அந்த மாற்றத்துக்குக் கன்தர் நல்ல சான்று.

மௌனப் படக் காலத்து ஹாலிவுட்டில், வேலை தேடுவோர் விடியற்காலையிலேயே ஸ்டுடியோ வாசல்களில் குவிந்தார்கள். ஆள் பிடித்துக் கொடுத்த ஏஜென்சிகள் அவர்களுடைய அன்றாடக் கூலியில் கமிஷன் எடுத்தன. இந்த நிலையை ஒழுங்குபடுத்தத் தயாரிப்பாளர்கள் 1925 டிசம்பரில் 'சென்ட்ரல் காஸ்டிங்' அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் செலவைத் தயாரிப்பாளர்களே ஏற்றார்கள். நடிகரிடம் கமிஷன் வாங்கக்கூடாது. கூலி முறைப்பட்டதே தவிர, திரையில் துணை நடிகரின் இடம் மாறவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அதே கதைதான். ரிச்சர்ட் அட்டன்பரோவின் 'காந்தி' படத்துக்காக 1981 ஜனவரி 31 அன்று டெல்லியில் இறுதி ஊர்வலக் காட்சி எடுக்கப்பட்டபோது சுமார் 3 லட்சம் பேர் திரண்டார்கள். அந்தக் காட்சிக்கு வேண்டியிருந்தது கடல்போன்ற கூட்டம். தனி முகங்களுக்கு அங்கே வேலை இல்லை.

தொலைக்காட்சியின் தேவை வேறு. திரை சிறியது, அரங்கம் சிறியது. எல்லாவற்றையும்விட, கதை வாராவாரம் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது. பிரிட்டனில் 1960 டிசம்பர் 9 அன்று தொடங்கி இன்றும் ஓடும் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடருக்கு மையம், ரோவர்ஸ் ரிட்டர்ன் என்ற மதுக்கடை. தெருமுனைக் கடை என்றால் தினமும் வரும் நாலு முகம் இருக்கும். ஒவ்வொரு வாரமும் புதுப்புது ஆட்களாக உட்கார்ந்திருந்தால் அது தெருமுனைக் கடையாகத் தோன்றாது, ரயில் நிலையமாகத்தான் தோன்றும். தெரிந்த முகங்கள் தொடருக்குத் தேவைப்பட்டது இதனால்தான். 1985-ல் பிபிசி தொடங்கிய 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரில் ஜேன் ஸ்லாட்டர் ஏற்ற டிரேசி என்ற மதுக்கடைப் பணிப்பெண், முதன்மைப் பாத்திரங்கள் பலர் வந்துபோன பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்தார்.

அமெரிக்காவின் 'ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' (1993-1999) இதை ஒரு விளையாட்டாகவே வளர்த்தது. குவார்க்கின் மதுக்கூடத்தில் எந்நேரமும் உட்கார்ந்திருக்கும் மார்ன், கனமான முகமூடிக்குள் இருந்த மார்க் ஆலன் ஷெப்பர்ட். 'சியர்ஸ்' தொடரின் நிரந்தர வாடிக்கையாளர் நார்மின் பெயரில் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றினால் வருவது மார்ன். வாயாடி என்று எல்லோரும் அவரைச் சொல்வார்கள். திரையில் ஒரு சொல்கூடப் பேசமாட்டார். 1998-ல் அவரை மையமாக வைத்தே ஓர் எபிசோடு வந்தது. அதில் மார்ன் இறந்துவிட்டதாகச் செய்தி வரும். காலியான அவருடைய இருக்கையில் வேறொருவரை உட்கார வைப்பார்கள். முகமூடி இல்லாமல் அங்கே உட்கார்ந்தவர் ஷெப்பர்ட்தான்.

பேசாமல் இருப்பது சும்மா இருப்பதாகாது. மதுக்கூடக் காட்சியில் பின்மேசையில் இருவர் சிரித்துப் பேசுவதுபோல் உதடுகள் அசையும். தொண்டையிலிருந்து சத்தம் வரக்கூடாது. முன்னால் நிற்கும் நடிகரின் வசனம் மட்டுமே பதிவாக வேண்டும். இரைச்சலைத் தனியே பதிந்து பிறகு சேர்ப்பார்கள். கோப்பை மேசையைத் தொடும்போது ஓசை எழாமல் வைக்க வேண்டும். எந்தச் சொல்லுக்கு எழுந்து நடந்தாரோ, அடுத்த டேக்கிலும் அதே சொல்லுக்கு எழ வேண்டும். ஒரு நொடி பிசகினால் எடிட்டிங்கில் இரண்டு ஷாட்கள் ஒட்டாது.

இந்த மௌனத்துக்குப் பின்னால் பணக் கணக்கும் உண்டு. அமெரிக்க ஒப்பந்த விதிப்படி, துணை நடிகருக்கு வசனம் கொடுத்தால் அவர் முதன்மை நடிகர் பட்டியலுக்கு உயர்வார், கூலியும் உயரும். டைலரின் அந்த ஒற்றைச் சொல்லுக்கு அத்தனை மதிப்பு இருந்தது. 1945-ல் துணை நடிகர்களுக்கெனத் தனிச் சங்கம் உருவானது. 1992-ல் அது கலைந்தபின், நடிகர் சங்கமே அவர்களுக்காகவும் பேரம் பேசத் தொடங்கியது.

2023-ல் சிக்கல் உடலுக்கே வந்துவிட்டது. துணை நடிகர்களை ஸ்கேன் செய்து, ஒரு நாள் கூலி மட்டும் கொடுத்து, அந்த உருவத்தைக் காலமெல்லாம் பயன்படுத்த ஸ்டுடியோக்கள் முனைவதாக அமெரிக்க நடிகர் சங்கம் குற்றம் சாட்டியது; ஸ்டுடியோக்கள் மறுத்தன. 118 நாள் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வந்த ஒப்பந்தம், டிஜிட்டல் நகலை உருவாக்கவும் பயன்படுத்தவும் நடிகரின் ஒப்புதல் வேண்டும் என்று வரையறுத்தது.

இந்தப் பாதுகாப்பு அவசியம். ஒரு மனிதர் நாள்தோறும் அரங்குக்கு வந்து நின்றதால்தான் கன்தர் எழுத்தாளர்கள் கண்ணில் பட்டார். 2021 அக்டோபர் 24 அன்று டைலர் மறைந்தபோது உலகெங்கும் நாளிதழ்கள் அவருக்கு அஞ்சலி எழுதின. அவரோடு அந்தக் கடையில் ஆண்டுக்கணக்கில் காபி குடித்த மற்றவர்களின் பெயர்கள் தொடரின் முடிவுப் பட்டியலில்கூட இல்லை. தொலைக்காட்சி வரலாற்றை எழுதுவோர், அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அந்தப் பெயர்களையும் அனுபவங்களையும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.